காய்ச்சல் வந்தால் பழைய பக்கவாதம் திரும்புமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கு எழுதியவர். இரண்டு வருடம் முன்பு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் பேச்சும் பாதித்தன. பிசியோதெரபியில் நன்றாகவே தேறிவிட்டார். போன மாதம் யூரின் இன்ஃபெக்‌ஷனோடு காய்ச்சல் வந்தபோது அதே கை துவண்டது, நாக்கு குழறியது. ராத்திரி முழுக்க "போட் வந்துடுச்சு, ஐஸை ஏத்துங்கடா" என்று சத்தம் போட்டார். ஸ்கேனில் புதிய அடைப்பு இல்லை. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. மூளையிலுள்ள எதிர்ப்பு செல்களே நரம்பு செல்களைத் தின்றுவிடும், மஞ்சள் காப்ஸ்யூல் சாப்பிட்டால் நிற்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வாங்கிக் கொடுக்கலாமா? தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்.
– வாசகர், ராயபுரம்

பதில்: காப்ஸ்யூல் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ராத்திரி நடந்ததைப் பார்ப்போம்.

ஸ்ட்ரோக்கில் இறந்த நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், திரும்ப முளைப்பதில்லை. பக்கத்தில் தப்பிப் பிழைத்தவை புதிய இணைப்புகளைப் போட்டுக்கொண்டு அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன. அப்பாவின் கை தேறியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி கம்மி. காய்ச்சல், ரத்தத்தில் சோடியம் குறைவது, தூக்கம் கெடுவது, சில தூக்க மாத்திரைகள் என்று எது வந்தாலும் தடுமாறும். பழைய குறை அதே பக்கத்தில் தலைகாட்டும். காரணம் தீர்ந்தால் குறையும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ராத்திரிப் பிதற்றல் கொஞ்சம் வேறு கதை. அங்கேதான் வீடியோக்காரர் சொன்ன செல்கள் வருகின்றன. மைக்ரோக்ளியா என்று பெயர். 1919-ல் ஸ்பெயினைச் சேர்ந்த டெல் ரியோ ஓர்டேகா இவற்றைத் தனி வகையாக அடையாளம் காட்டினார். கரு உருவான ஆரம்ப வாரங்களிலேயே மூளைக்குள் வந்து குடியேறி, அங்கேயே பெருகி வாழ்பவை. சும்மா இருக்கும் நேரத்திலும் மெல்லிய கிளைகளை நீட்டி மடக்கி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு நியூரான் அடிபட்டால் அதிலிருந்து ஏடிபி கசிகிறது. செல்லுக்குள் இருக்கும்வரை அது எரிபொருள், வெளியே கசிந்தால் அபாயச் செய்தி. சில நிமிடங்களில் கிளைகள் அந்த இடத்தைச் சூழ்ந்துவிடும்.

நியூரானும் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. ஆரோக்கியமாக இருக்கும்வரை ஃப்ராக்டல்கைன் போன்ற புரதங்களைக் காட்டி மைக்ரோக்ளியாவை அடக்கி வைக்கிறது. சாகப்போகும்போது, சவ்வின் உள்பக்கம் இருக்க வேண்டிய ஒரு கொழுப்பை வெளிப்பக்கம் திருப்பிவிடுகிறது. 'என்னை எடுத்துவிடு' என்பதற்கான அடையாளம் அது. மைக்ரோக்ளியா வந்து விழுங்கிச் சுத்தம் செய்கிறது. எப்போதாவது, தேறியிருக்கக்கூடிய நியூரானையும் நல்ல இணைப்புகளையும் சேர்த்து விழுங்கிவிடுவதும் உண்டு. வீடியோவில் உள்ள பாதி உண்மை இவ்வளவுதான்.

வயதானாலோ ஒருமுறை மூளை அடிபட்டாலோ இந்த செல்களில் பல ஓர் உஷார் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. ஒருமுறை தீப்பிடித்த குடிசைத் தெருவில் அடுப்புப் புகைக்கே ஆட்கள் குடத்தோடு ஓடி வருவார்கள் இல்லையா, அந்த மாதிரி. சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமி மூளைக்குப் போக வேண்டியதில்லை. ரத்தத்தில் ஏறும் அழற்சிச் செய்திகளே போதும். மைக்ரோக்ளியா அளவுக்கு மீறிக் கிளம்பி, நியூரான்களின் பேச்சுவார்த்தையைக் குழப்பிவிடும். ஐஸ் ஏற்றச் சொல்லிக் கூப்பிட்டதற்குப் பின்னால் இதுவும் இருந்திருக்கலாம். இந்தத் திடீர்க் குழப்பத்தை டெலிரியம் என்போம். மனநோய் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் இந்த செல்களை அடக்கிவிட்டால் என்ன? எங்கள் மருத்துவத் துறைக்கும் அந்த ஆசை இருந்தது. தலைக்காயம் பட்ட 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டைச் சோதித்துப் பார்த்த கிராஷ் ஆய்வின் முடிவு 2004-ல் வந்தது: மருந்து கொடுத்தவர்களில்தான் இறப்பு அதிகம். 2013-ல் இன்னொன்று தெரிந்தது. மைக்ரோக்ளியாவின் வேலையைப் பலவீனமாக்கும் ஒரு மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு அல்சைமர் மறதி நோய் வரும் ஆபத்து கூடுகிறது. ஆகவே "நிறுத்திவிடும்" என்று விற்கும் எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். அடர்த்தியாக்கிய மஞ்சள் காப்ஸ்யூலை ஆஸ்பிரினோடு சேர்த்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடலாம். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை கை துவண்டால் "போன தடவை மாதிரி இன்ஃபெக்‌ஷன்தான்" என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. இன்ஃபெக்‌ஷனால் வந்ததா, புதிய ஸ்ட்ரோக்கா என்று வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க எங்களாலேயே முடியாது, ஸ்கேன் வேண்டும். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

அப்புறம், இன்ஃபெக்‌ஷன் ஏன் வந்தது என்று பார்த்தார்களா? இந்த வயதில் ஆண்களுக்குப் பலமுறை புராஸ்டேட் வீக்கம்தான் மூலகாரணம். சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பாருங்கள். ராத்திரி எழுந்து போக வேண்டுமே, பொதுக் கழிப்பறைக்குப் படி இறங்க வேண்டுமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரையே தொடாத பெரியவர்கள் உங்கள் பக்கம் நிறையப் பேர். அப்பாவும் அப்படியா என்று கேளுங்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதாகித் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, பகலிலேயே தாராளமாகக் குடிக்க வையுங்கள். ராத்திரிக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் யூரின் கேன் ஒன்று இருக்கட்டும்.