பதில்: மாதாமாதம் கட்டியும் கார்டு பாக்கி ஏன் குறையவில்லை?

நீங்கள் மாதந்தோறும் கட்டும் குறைந்தபட்சத் தொகையான 4,000 ரூபாயில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுவதால்தான் 80,000 ரூபாய் கார்டு பாக்கி அசையாமல் நிற்கிறது. மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2,800 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 504 ரூபாய். அசலில் கழிவது 700 ரூபாய்கூட இல்லை.

அந்த 700 ரூபாயையும் அதே கார்டில் நீங்கள் செய்யும் மளிகைச் செலவு விழுங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். முழுப் பாக்கியையும் தீர்க்காதவரை, அதே கார்டில் புதிதாக வாங்கும் பாலுக்கும் தயிருக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கடைசி மூன்று ஸ்டேட்மென்ட்களில் வட்டியையும் புதுச் செலவையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள்.

புதுச் செலவு கணிசமாக இருந்தால், வங்கியின் செயலியில் கார்டைப் பூட்டிவிட்டு, மடிவாளா சந்தையிலோ ஹாப்காம்ஸ் கூட்டுறவுக் காய்கறிக் கடையிலோ ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் கொத்தமல்லிக்கு பெங்களூரில் நாம் கொடுக்கும் விலை தனிக் கதை.

வார இறுதியில் டியூஷன் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், தாராளமாக எடுங்கள். வட்டி நாள்கணக்கில் ஏறுவதால், அந்தப் பணத்தைக் கைக்கு வந்த அன்றே கார்டில் கட்டிவிடுங்கள்.

நகைக் கடன் வாங்கிக் கார்டை அடைத்தால் வட்டி வெகுவாகக் குறையும். ஆனால் கார்டை மறுபடியும் தேய்த்தால் நகைக் கடன், கார்டு கடன் என இரண்டு கடன்கள் ஆகிவிடும் என்பதோடு, தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.