சீரான வேகத்தில் தூக்கினால் நிகர வேலை பூஜ்ஜியமா?

5 கிலோ பெட்டியைச் சீரான வேகத்தில் 2 மீட்டர் தூக்கினால் நிகர வேலை பூஜ்ஜியம் என்று வருகிறது, ஆனால் நிலை ஆற்றல் 98 ஜூல் கூடியிருக்கிறதே, எது தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான்.

சீரான வேகத்தில் கை மேல்நோக்கித் தரும் விசை பெட்டியின் எடைக்குச் சமம்: 5 × 9.8 = 49 நியூட்டன். அதன் வேலை 49 × 2 = 98 ஜூல். ஈர்ப்பு கீழே இழுக்கிறது, பெட்டியோ மேலே போகிறது. ஆகவே ஈர்ப்பின் வேலை −98 ஜூல். இரண்டையும் கூட்டினால் கிடைப்பதுதான் நிகர வேலை, அது பூஜ்ஜியம். வேலை-ஆற்றல் தேற்றம் இந்த நிகர வேலையை இயக்க ஆற்றலின் மாற்றத்தோடு மட்டும்தான் சமப்படுத்துகிறது. வேகம் மாறவில்லை, அதனால் பூஜ்ஜியம். நிலை ஆற்றலைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

சிக்கல் எங்கே என்றால், ஈர்ப்பின் வேலையையும் நிலை ஆற்றலையும் ஒரே கணக்கில் சேர்ப்பதில். இரண்டும் ஒரே வரவை இரண்டு முறை எழுதுவது போலத்தான். ஏதாவது ஒன்றை மட்டும் எடுங்கள். நிலை ஆற்றலை எடுத்தால் ஈர்ப்பின் வேலையை விட்டுவிடுங்கள்: கை செய்த வேலை = இயக்க ஆற்றல் மாற்றம் + நிலை ஆற்றல் மாற்றம். அதாவது 98 = 0 + 98. எனக்கு இந்த வழிதான் வசதி.

சரி, தரையில் சும்மா இருந்த பெட்டி வெறும் 49 நியூட்டனில் எப்படிக் கிளம்பும்? கிளம்பாது. தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தர வேண்டும். மேலே போய் நிற்கும் முன் விசை 49-க்குக் கீழே இறங்கும். கூடுதலாகச் செய்த வேலை அங்கே கழிந்துவிடும், மொத்தம் அதே 98.

சந்தேகம் இருந்தால் அந்த உயரத்திலிருந்து பெட்டியை விட்டுவிட்டதாகக் கணக்குப் போடுங்கள். தரையைத் தொடும்போது வேகம் நொடிக்குச் சுமார் 6.26 மீட்டர், இயக்க ஆற்றலுக்கான ½mv² (m நிறை, v வேகம்) போட்டால் 98 ஜூல் வரும்.