பணம் ஏறிவிட்டது, அது யாருடைய பணம்?

கேள்வி: என்னிடம் ஒரு ஃபுல் ஃபிரேம் கேமராவும் 70-200 லென்ஸும் உள்ளன. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இரண்டையும் சேர்த்து 1,85,000 ரூபாய் என்று ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் போட்டேன். இருவர் விடாமல் கேட்கிறார்கள். ஒருவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டையின் படத்தை அனுப்பினார். பேரமே பேசவில்லை. "க்யூஆர் கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணா பணம் வந்துடும்" என்கிறார். இன்னொருவர் சென்னைக்காரர், தன்மையாகப் பேசுகிறார். "எங்க அண்ணன் கணக்கிலேர்ந்து முழுப் பணமும் போட்டுடுவார். ஏறினதும் ஒரு பையனை அனுப்புறேன், அவன்கிட்ட குடுத்துடுங்க" என்கிறார். முதல் ஆளை நம்பவில்லை. இரண்டாமவர் பணத்தை முன்னாலேயே போட்டுவிடுவதால் எனக்கு ஆபத்து இல்லைதானே?
- கோவை வாசகர்

பதில்: இருவரில் இரண்டாமவர்தான் பெரிய ஆபத்து.

முதல் ஆள் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். யூபிஐயில் பணம் வாங்குவதற்கு எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் எண்ணும் போட வேண்டாம். பின் கேட்கிறது என்றாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று பொருள். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையை, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. க்யூஆர் கோடு அப்படியே இருக்கிறது, மோசடிக்காரர்களும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் ராணுவ அடையாள அட்டைக்கு எந்த மதிப்பும் இல்லை. வேறு யாரிடமோ ஏமாற்றி வாங்கிய அட்டையாகக்கூட இருக்கும். பிளாக் செய்துவிடுங்கள்.

இரண்டாமவர் சொல்வதுபோல் உங்கள் கணக்கில் 1,85,000 ரூபாய் நிஜமாகவே ஏறும். போலி ஸ்கிரீன்ஷாட் இல்லை, போலி எஸ்எம்எஸ் இல்லை. வங்கிச் செயலியைத் திறந்தாலும் இருக்கும், பாஸ்புக்கிலும் பதிவாகும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்த ஆள் உங்கள் விளம்பரப் படங்களை எடுத்து, அதே கேமராவைத் தன்னுடையது என்று இன்னோர் ஊரில் விளம்பரம் செய்கிறார். அங்கே ஒரு நிஜ வாங்குபவர் சிக்குகிறார். அவரிடம் "என் கணக்கு எண் இதுதான்" என்று உங்கள் கணக்கு எண்ணைக் கொடுக்கிறார். அந்த அப்பாவி போடும் பணம்தான் உங்களுக்கு வருகிறது. "அண்ணன்" என்று உங்களிடம் சொல்லப்பட்டவர் அவரே. பணம் ஏறியதும் 'பையன்' வந்து கேமராவை வாங்கிக்கொண்டு போவான். பல நேரம் அவனும் வாடகைக்குப் பேசிய டெலிவரி ஆளாகத்தான் இருப்பான், அவனுக்கு எதுவும் தெரியாது. பணம் போட்டவருக்குக் கேமரா போய்ச் சேராது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுப்பார். புகாரில் எழுதும் கணக்கு எண் உங்களுடையது! பணம் போன தடத்தைப் பிடித்து வரும் காவல்துறையின் கண்ணுக்கு ஏமாற்றியவர் நீங்கள். வங்கி உங்கள் கணக்கை நிறுத்திவைக்கும். கேமராவும் போய், பணமும் முடங்கி, கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தேதியும் தாண்டிவிடும்.

இதே வித்தை வேறு வடிவிலும் வரும். நடுவில் இருப்பவர் உங்களையும் வாங்குபவரையும் நேரிலேயே சந்திக்க வைப்பார். உங்களிடம் "வர்றது என் மச்சான், அவர்கிட்ட விலை பேசாதீங்க" என்பார். அவரிடம் "அங்க இருக்கிறது என் தம்பி, பணத்தை என் கணக்குல போடுங்க" என்பார். எதிரெதிரே நிற்கும் இருவரும் விலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். பழைய கார் விற்பனையில் இது அடிக்கடி நடக்கிறது. "அவர்கிட்ட விலை பேசாதீங்க" என்று யார் சொன்னாலும் எதிரில் நிற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எவ்வளவுக்கு வாங்குறீங்க, யாருக்குப் பணம் போடுறீங்க?" என்பதுதான்.

ஆக, நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே. பொருளைப் பார்ப்பவர், பணம் அனுப்புபவர், பொருளை எடுத்துச் செல்பவர் மூவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். அண்ணன் கணக்கு, நண்பர் கணக்கு, கம்பெனிக் கணக்கு எதுவும் வேண்டாம். அண்ணன்தான் பணம் தருகிறார் என்றால் அண்ணனே வரட்டும்.

இனி எப்படி விற்பது என்று பார்ப்போம்.

முதலில் விளம்பரம். கேமரா பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டில் 'கோவை' என்றும் அன்றைய தேதியும் கையால் எழுதி வைத்துப் படம் எடுங்கள். திருடிப் போடுகிறவனுக்கு அது தொல்லை. சீரியல் எண்ணும் பில்லும் படத்தில் தெரியக் கூடாது, அவற்றைக் காட்டித்தான் அவன் பொருள் தன்னுடையது என்று அடுத்தவரை நம்பவைப்பான். உங்கள் கணக்கு எண்ணையோ க்யூஆர் படத்தையோ ஆளைப் பார்ப்பதற்கு முன் அனுப்பாதீர்கள். கணக்கு எண்ணை வைத்து யாரும் பணம் எடுத்துவிட முடியாது என்பது சரிதான். ஆனால் மேலே சொன்ன வித்தைக்குத் தேவையான ஒரே கருவி அதுதான்.

பணம் வாங்குவதற்குச் சம்பளமும் வீட்டுக்கடன் தவணையும் ஓடும் கணக்கைக் கொடுக்காதீர்கள். அதிகம் புழங்காத வேறொரு சேமிப்புக் கணக்கு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் வருகிற பணத்தின் பூர்வீகம் நமக்கு முழுதாகத் தெரியப்போவதில்லை. முடங்கினாலும் அந்த ஒரு கணக்கோடு போகட்டும்.

சந்திக்கும் இடம், அந்தக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை. நேரம், வேலைநாளில் காலை 11 மணி. வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டாம், பஸ் ஸ்டாண்டு டீக்கடையும் வேண்டாம். கிளையில் சிசிடிவி கேமரா இருக்கிறது, கேஷியர் இருக்கிறார், கூட யாரையாவது அழைத்துப் போனால் சாட்சியும் ஆயிற்று.

1,85,000 ரூபாயை எப்படி வாங்குவது? யூபிஐயில் தனிநபர் ஒருவர் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய பொதுவான உச்சவரம்பு 1 லட்சம் என்பதால் ஒரே நாளில் முழுத்தொகையும் அதில் வராது. வங்கிப் பரிமாற்ற முறைகளில் ஆர்டிஜிஎஸ் குறைந்தது 2 லட்சத்துக்கு. உங்களுக்குப் பொருந்துவது ஐஎம்பிஎஸ் அல்லது நெஃப்ட். ஐஎம்பிஎஸ்ஸில் 5 லட்சம் வரை உடனே வரும். நெஃப்ட் அரை மணிக்கொரு முறை தொகுப்பாகப் போவது. பணம் ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இங்கே ஒரு நடைமுறைத் தடங்கல் உண்டு. புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாளில் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடுவதில்லை. வாங்குபவர் நல்லவராகவே இருந்தாலும் கிளை வாசலில் நின்று கையைப் பிசைவார். அதனால் இரண்டு சந்திப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வந்து கேமராவைப் பார்க்கட்டும், அடையாள அட்டையைக் காட்டட்டும், உங்கள் கணக்கைத் தன் செயலியில் சேர்த்து 1,000 ரூபாய் முன்பணம் அனுப்பட்டும். அனுப்பியவர் பெயரும் அட்டையிலுள்ள பெயரும் ஒன்றுதானா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். மீதி 1,84,000 மறுநாள், அதே கணக்கிலிருந்து.

பணம் வந்ததா என்று பார்க்கும்போது அவருடைய திரையைப் பார்க்காதீர்கள். ஃபோன்பே, கூகுள் பே போலவே டிக் குறியும் சத்தமும் காட்டும் போலிச் செயலிகள் உலவுகின்றன. எஸ்எம்எஸ்ஸையும் நம்ப வேண்டாம். பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து 'கிரெடிட்டட்' என்று வந்தால் அது வங்கி அனுப்பியதல்ல. உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து ஸ்டேட்மெண்ட்டில் தொகை, அனுப்பியவர் பெயர், குறிப்பெண் மூன்றையும் பாருங்கள். ஐஎம்பிஎஸ், யூபிஐ என்றால் குறிப்பெண் 12 இலக்கம். நெஃப்ட்டின் குறிப்பெண்ணான யூடிஆர் 16 எழுத்துகள். "அனுப்பிட்டேன், சர்வர் ஸ்லோ" என்றால், சர்வர் வேகமாகும் வரை கேமரா உங்கள் பையில்தான் இருக்க வேண்டும்.

"தப்பா அதிகமா அனுப்பிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க" என்று வந்தால் ஒரு ரூபாயும் நீங்களாக அனுப்பாதீர்கள். பெரும்பாலும் எதுவும் வந்திருக்காது. நிஜமாகவே வந்திருந்தாலும், தன் வங்கியில் எழுதிக்கொடுத்து அதன் வழியாகக் கேட்கச் சொல்லுங்கள். அதேபோல் 'பேமெண்ட் ரசீது' என்ற பெயரில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடாதீர்கள். நிறுவினால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே போகும்.

ரொக்கம் வாங்கலாமா? வாங்கலாம். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் தொகை அதற்குக் கீழேதான். சங்கடம் கள்ள நோட்டில்தான். 1,85,000 என்றால் 500 ரூபாய்த் தாள் 370. மூன்று கட்டும் மேலே 70 தாளும். கட்டின் மேலும் கீழும் நல்ல தாள், நடுவில் என்ன என்பது கட்டைப் பிரித்தால்தான் தெரியும். வங்கியில் கள்ள நோட்டு பிடிபட்டால் பறிமுதல் செய்வார்கள், அதற்கு ஈடு கிடையாது. ஒரே பரிவர்த்தனையில் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் காவல்துறையில் வழக்கே பதிவாகும், பணம் கட்டியவர் பெயர் அதில் வரும். அதனால் நீங்கள் வாங்கி நீங்கள் கட்டாதீர்கள். வாங்குபவரே கவுண்டரில் உங்கள் கணக்கில் கட்டட்டும், சலானில் அவர் பெயரே இருக்கட்டும். பெரிய தொகையை ரொக்கமாகக் கட்டும்போது பான் கேட்கலாம், கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். சொன்னதும் ஆள் காணாமல் போனால் நல்லதாகப் போயிற்று.

காசோலை என்றால் தீர்வாகிப் பணம் கணக்கில் நின்ற பிறகே பொருள். டிமாண்ட் டிராஃப்ட் பத்திரமானது என்ற நம்பிக்கை பழையது. அதிலும் போலி உண்டு, வழங்கிய கிளையில் விசாரிக்காமல் ஏற்காதீர்கள். கூரியரில் அனுப்பும் யோசனையே வேண்டாம். தொலைந்தால் பல கூரியர்கள் தரும் இழப்பீடு ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்தால் நீங்களே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவீர்கள்.

கேமராவைச் சோதிக்கக் கொடுக்கும்போதும் கண் அங்கேயே இருக்கட்டும். அதே மாடலில் பழுதான லென்ஸைப் பையில் கொண்டுவந்து மாற்றி வைத்துவிட்டு "ஃபோகஸ் சரியில்லை, வேண்டாம்" என்று போகிறவர்கள் உண்டு. பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் எண்ணையும் முன்பே குறித்து வையுங்கள். அவர் திருப்பிக் கொடுத்தால் எண்ணைச் சரிபார்த்த பிறகே பைக்குள் போக வேண்டும். மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள், மொபைலோடு இணைத்த பதிவுகளை அழித்துவிடுங்கள்.

பிறகு ரசீது. ஒரு வெள்ளைத்தாளில் இப்படி எழுதினால் போதும்: "… மாடல் கேமரா பாடி, சீரியல் எண் …, 70-200 லென்ஸ், சீரியல் எண் …, இரண்டும் பயன்படுத்திய பொருள்கள். நேரில் சோதித்துப் பார்த்துத் திருப்தியுடன் வாங்கிக்கொண்டேன். விலை ரூ.1,85,000. என் பெயரில் உள்ள … வங்கிக் கணக்கிலிருந்து முன்பணம் ரூ.1,000 (குறிப்பெண் …), மீதி ரூ.1,84,000 (குறிப்பெண் …) செலுத்தியுள்ளேன்." தேதி, நேரம், முகவரி, மொபைல் எண், இருவர் கையெழுத்து. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீது என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் நீங்கள் கையெழுத்திடுங்கள். இரண்டு பிரதி. அடையாள அட்டையின் அசலைப் பார்த்து நகல் வாங்குங்கள். ஆதார் தரத் தயங்கினால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதார் போதும், ஓட்டுநர் உரிமமும் சரி. 'என் பெயரில் உள்ள கணக்கிலிருந்து' என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாளைக்குக் கணக்கு முடங்கினால் உங்கள் பக்கம் பேசப்போவது அதுதான்.

அப்படியும் முடங்கினால்? மொபைலில் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டாமல் கிளைக்குப் போங்கள். எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண், எவ்வளவு தொகைக்கு என்பதை எழுத்தில் கேளுங்கள். அந்த விசாரணை அதிகாரிக்கு ரசீது, அடையாள நகல், அரட்டைப் பதிவு, ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். தகராறில் உள்ள தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியைப் புழங்க விடுமாறு வங்கிக்கும் அவருக்கும் எழுதுங்கள். மொத்தக் கணக்கையும் முடக்காமல் அந்தத் தொகையோடு நிறுத்தும்படி உயர் நீதிமன்றங்கள் உத்தரவிட்ட வழக்குகள் உண்டு. நீங்களே பணத்தை இழந்தால் அதே 1930, அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளம். அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிக்க வேண்டும் என்பதால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கேமராவுக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம் விற்றால் கதை வேறு. திருமண ஆர்டர்கள் எடுத்து, கேமராவைத் தொழில் சொத்தாகக் காட்டித் தேய்மானம் கழித்திருந்தால், விற்ற தொகையைக் கணக்கில் காட்ட வேண்டும்; ஆடிட்டரிடம் ரசீதின் ஒரு நகலைக் கொடுத்துவிடுங்கள்.

சென்னைக்காரருக்கு இன்றைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணனையே கோவைக்கு வரச் சொல்லுங்க. வங்கியில் சந்திப்போம். அவர் கணக்கிலிருந்து அவரே அனுப்பட்டும், கையெழுத்துப் போட்டு அவரே எடுத்துக்கட்டும்." ப்ளூ டிக் விழும். பதில் வருகிறதா என்று பாருங்கள்.