கயிறு அறுத்த கல்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு இங்கிலாந்தில், ஸ்கிப்டன் என்னும் சந்தை நகரில், மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். முழங்கால் வலியோடும் கால்வாய்க் கரையில் தினமும் நடந்தேன், களைப்பே தெரியவில்லை. கொழும்பு திரும்பியதும் ஆசையோடு ஹமில்டன் கால்வாய்க் கரைக்குப் போனேன். பாதையில் வலை காய்கிறது, துணி காய்கிறது, வீட்டு வாசல்கள் குறுக்கிடுகின்றன. நம்மவர்களுக்குக் கால்வாயின் அருமை தெரியாதா? எனக்கேற்ற இலகுவான நடை எங்கே உண்டு? எப்படிப்பட்ட சப்பாத்து வாங்கலாம்?

வாசகி ஒருவர், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

முழங்கால் வலியைச் சாட்டாக வைத்து வீட்டில் உட்கார்ந்துவிடாமல் நடக்கிறீர்களே, அதுவே பெரிய காரியம். மறப்பதற்கு முன் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: தியவன்னா ஓயாக் கரையில் சமதரையான நடைபாதை உண்டு, பெத்தகான ஈரநிலப் பூங்காவில் பலகைப் பாதையும் உண்டு. வெயில் ஏறுமுன் போய்வாருங்கள்.

ஆனால் வலையும் துணியும் காய்வதைக் குற்றமாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஸ்கிப்டன் வழியாக ஓடும் லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயை 1770இல் வெட்டத் தொடங்கி 1816இல் முடித்தார்கள். நீளம் ஏறத்தாழ 204 கிலோமீற்றர். அதன் கரைப்பாதை மேடுபள்ளமில்லாமல் இருப்பது உங்கள் முழங்காலுக்காக அல்ல, பாரப் படகைக் கயிற்றால் இழுத்துச் சென்ற குதிரைக்காக. அந்நாட்டுக் கால்வாய் ஒன்றின் கரையில் நானும் ஒருமுறை நடந்திருக்கிறேன். பழைய பாலமொன்றின் கீழே, கல்லின் விளிம்பில் ஈரக்கயிறு உராய்ந்து உராய்ந்து அறுத்த தடங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் என் சுட்டுவிரல் முழுதாகப் பதிந்தது. நீங்கள் அழகென்று கண்டது வேலைத்தலம். வேலை நின்று போனதால் அமைதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நம்முடைய கால்வாயில் வேலை இன்னும் நிற்கவில்லை. முத்துராஜவெல சதுப்பிலிருந்து உப்புநீரை வடிப்பதற்காக ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த 14.5 கிலோமீற்றர் வெட்டு அது. அதன் கரையில் வலை காயாமல் வேறென்ன காயும்?

என் தாய்மாமனார் நீர்கொழும்பில் சிறு கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் நான் அங்கே போனால், மாலையில் கடையை மாமியிடம் விட்டுவிட்டு என்னை இதே கால்வாயின் கரைக்கு அழைத்துப் போவார். ஒவ்வொரு முற்றத்தை நெருங்கும்போதும் முன்கூட்டியே செருமுவார். பாய் விரித்திருப்பவர்களும் தலை வாரிக்கொண்டிருப்பவர்களும் ஆள் வருவதை அறியட்டும் என்பதற்காக. வலை விரிந்திருந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நீரோரச் சேற்றில் இறங்கிச் சுற்றிப் போவார். பத்து வயதில் எனக்கு அது வீண் சுற்றாகப் பட்டதால் ஒருநாள் வலையைத் தாண்டிக் குதித்தேன். கால் பெருவிரலில் வலையை மாட்டி இறுக்கிக்கொண்டு, கிழிந்த வலைக்கண்களை முடிச்சிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, நான் போய் முடியும்வரை காத்திருந்தார். மாமா என் காதைப் பிடித்துத் திரும்ப அழைத்துவந்து மன்னிப்புக் கேட்க வைத்தார். "சின்னப் பிள்ளைதானே, விடுங்கோ" என்று அந்த முதியவர் தமிழில் சொன்னார். (அந்தக் கரையோரத்து முதியவர்களிடம் தமிழ் அப்போது தாராளமாகப் புழங்கியது, அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

நம்மவர்களுக்கு அருமை தெரியவில்லை என்கிறீர்கள். அந்த வாசல்களில் ஒன்றிலேனும் நின்று, இந்த வழியாகப் போகலாமா என்று கேட்டீர்களா? ஸ்கிப்டனில் எதிரே வந்த முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் காலை வணக்கம் சொல்லியிருப்பீர்கள், சந்தேகமில்லை. இங்கே மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தால் வாசல் குறுக்கிடத்தான் செய்யும். கடுமையாக எழுதுகிறேன் என்று வருந்தாதீர்கள். இதே தவறை நானும் செய்திருக்கிறேன், காதைப் பிடிக்க மாமா இல்லாத வயதிலும்.

மாரி தணிந்ததும் இன்னொரு தடவை அங்கே போய்வாருங்கள். சப்பாத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நின்ற நிலையிலேயே கழற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.