மகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா? நீடாமங்கலம் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம். பிளஸ் டூ முடித்த மகள் கம்ப்யூட்டர் படிப்புதான் வேண்டும் என்கிறாள். ஊரிலோ, 'இனி எல்லா வேலையையும் ஏஐ பார்த்துக்கொள்ளும், காசைக் கரியாக்காதே' என்று பயமுறுத்துகிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள்.

பத்து வருடத்தில் எந்த வேலை போகும் என்று யார் அடித்துச் சொன்னாலும், அதை நம்பி ஒரு பிள்ளையின் படிப்பை முடிவு செய்யாதீர்கள். ஏஐ எனும் செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன், 2024-இல் இயற்பியல் நோபல் பெற்றவர். எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துச் சொல்லும் மருத்துவர்களை இனி உருவாக்கவே வேண்டாம், ஐந்தாண்டில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்று 2016-இல் அவர் சொன்னார். அந்த மருத்துவர்கள் இன்றும் தேவைப்படுகிறார்கள். அதற்காக மாற்றமே வராது என்று நான் சொல்லவில்லை. ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிய முன்பு வருடக்கணக்கில் ஆகும். ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ மென்பொருள் அதைக் கணித்துத் தருகிறது. அதை உருவாக்கியவர்களுக்கும் 2024-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஏஐ மனித குலத்தையே ஆட்டிவைக்கக்கூடிய ஆற்றல். அதன் ஆபத்துகளைத் தடையின்றிப் பேசுவதற்காகவே ஹின்டன் 2023-இல் கூகுளை விட்டு விலகினார்.

அப்படியென்றால் மகள் எதைக் கற்க வேண்டும்? உங்கள் வயலையே எடுத்துக்கொள்வோம். சம்பா பயிர் மஞ்சளடிக்கிறது. படம் எடுத்துக் கேட்டால் ஏஐ நொடியில் பதில் சொல்லும். தழைச்சத்துக் குறை, யூரியா போடுங்கள் என்று சொல்லக்கூடும். ஆனால் அது துங்ரோவாக இருந்தால்? பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் வைரஸ் நோய் அது. யூரியாவை அள்ளிப் போட்டால் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம். துத்தநாகக் குறையிலும் இலை நிறம் மாறும். வடிகால் சரியில்லாமல் வேர் கறுத்தாலும் மாறும். தூரைப் பிடுங்கி வேரைப் பார்க்கிறவருக்கும், இலையைத் தட்டிப் பூச்சியைத் தேடுகிறவருக்கும்தான் அந்தப் பதில் சரியா என்று தெரியும். எந்தத் துறையிலும் இனி மதிப்பு அந்த ஆளுக்குத்தான்.

ஆகவே கம்ப்யூட்டர் படிக்கட்டும், தாராளமாக. கணிதமும் புள்ளியியலும் ஆழமாகக் கற்பிக்கும் கல்லூரியாகப் பாருங்கள். கூடவே இன்னொரு துறையையும் அவள் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்: நீர்ப்பாசனம், உணவுப் பதப்படுத்தல், மருத்துவம், எதுவானாலும் சரி. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம், தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் என்று எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதைக் கணிக்கும் மென்பொருளை, கடைமடையைப் பார்த்தே இராதவர்கள் மட்டும் எழுதினால் யாருக்கு நஷ்டம்? டெல்டாப் பிள்ளைகள் அந்த மேஜையில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். படிப்பின் பெயரில் 'செயற்கை நுண்ணறிவு' என்று இருக்கிறதே என்பதற்காக நிலத்தை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்காதீர்கள். பொறியியலுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே அரசுக் கலந்தாய்வு நடக்கிறது; அதில் கிடைக்கும் நல்ல கல்லூரியில் சாதாரணக் கணினி அறிவியலே போதும். விருப்பப் பட்டியலைப் பதிவதற்கு முன், மகளையும் அழைத்துக்கொண்டு அந்தக் கல்லூரிகளுக்கு ஒருமுறை நேரில் போங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் ஆய்வகம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.