டிரெய்லரின் ஆட்டத்தைக் குறைக்க எந்த ஹிட்ச்?

கேள்வி: மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினாலே எங்கள் பயண டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்குகிறது. எந்த ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கருவி) வாங்கினால் இது நிற்கும்?

பதில்: கடைக்குப் போவதற்கு முன் எடைமேடைக்குப் போங்கள். சாமான் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு அதன் முன்முனையில், அதாவது வண்டியின் பின்னால் அது மாட்டப்படும் உருண்டையான ஹிட்ச் பந்தின்மீது இறங்க வேண்டும். 2,000 கிலோ டிரெய்லருக்கு இது 200 முதல் 300 கிலோ. இந்த முனை எடை குறைவதுதான் ஆட்டத்துக்கு முதல் காரணம். பந்துக்கும் அச்சுக்கும் இடையே 4 மீட்டர் உள்ள டிரெய்லரில், அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 100 கிலோவை ஏற்றினால் முனை எடையில் 50 கிலோ குறைந்துவிடும். பின்புறம் மிதிவண்டிகளைக் கட்டி, அங்கேயே உள்ள தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு நேர்வது இதுதான். அந்தப் பிழையைத் திருத்தாமல் வாங்கும் ஹிட்ச், எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், ஆட்டத்தை மறைத்து வைக்குமே தவிரத் தீர்க்காது.

கேள்வி: எடையைப் பகிரும் ஹிட்ச் போட்டிருக்கிறேன். ஆட்டத் தடுப்பானும் தனியாக வேண்டுமா?

பதில்: வேண்டும். அந்த ஹிட்சில் உள்ள ஸ்பிரிங் பார்கள் (வளைந்துகொடுக்கும் எஃகுத் தண்டுகள்) நெம்புகோல் போல இயங்கி, வண்டியின் பின்சக்கரங்களில் குவியும் பாரத்தின் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் அனுப்புகின்றன. இதனால் ஸ்டியரிங்கின் பிடி மீள்கிறது. ஆனால் பக்கவாட்டுத் திருப்பத்தைப் பார்கள் மட்டும் பெரிதாகத் தடுப்பதில்லை. டிரெய்லரை மாட்டுவதற்கு முன்பும் பின்பும் முன்சக்கர வளைவின் உயரத்தை டேப்பால் அளந்து, எவ்வளவு மீள வேண்டும் என்று வண்டியின் கையேடு சொல்கிறதோ அந்த அளவுக்குப் பார்களை இறுக்குங்கள். பாரின் திறனைத் தேர்ந்தெடுக்கும்போது, வண்டியின் பின் அச்சுக்குப் பின்னால் நீங்கள் ஏற்றும் சாமானின் எடையையும் முனை எடையோடு கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: தடுப்பான்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: சிறிய, இலகுவான டிரெய்லருக்கு ஒற்றை உராய்வுப் பட்டை போதும். ஆனால் பின்னோக்கி ஓட்டும்போது அது வளைந்துவிடக்கூடும் என்பதால், முன்கூட்டியே கழற்ற வேண்டும். நீளமான டிரெய்லருக்கு, ஸ்பிரிங் பார்களே தாங்கிகளின்மீது உராய்ந்து திருப்பத்தை எதிர்க்கும் ஒருங்கிணைந்த வகையையே நான் பரிந்துரைப்பேன். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கழற்றாமலே பின்னோக்கி ஓட்டலாம். இணைப்புத் தண்டுகளால் திருப்பப் புள்ளியை வண்டியின் பின் அச்சை நோக்கி நகர்த்தும் வகை இவற்றினும் ஒரு படி மேலானது. உராய்வு வகை ஆட்டத்தைத் தணிக்கிறது. இதுவோ ஆட்டம் தோன்றும் வழியையே அடைக்கிறது. கனமும் விலையும் அதிகம் என்றாலும், குட்டையான வண்டியால் நீண்ட டிரெய்லரை இழுப்பவருக்கு அந்தச் செலவு தகும்.

கேள்வி: ரிசீவரின் (வண்டியின் பின்னால் ஹிட்சைச் செருகும் சட்டம்) அட்டையில் இரண்டு எடை வரம்புகள் இருக்கின்றனவே?

பதில்: ஒன்று சாதாரணப் பந்துக்கு, மற்றது, பெரும்பாலும் கூடுதலானது, எடையைப் பகிரும் ஹிட்சுக்கு. வண்டி, ரிசீவர், பந்து, கப்ளர் (பந்தைக் கவ்வும் டிரெய்லரின் முனைப்பகுதி) ஆகியவற்றில் எதன் வரம்பு குறைவோ அதுவே உங்கள் வரம்பு.

கேள்வி: ஓடும்போதே ஆட்டம் வந்துவிட்டால்?

பதில்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். வண்டியின் பிரேக்கை அழுத்தாமல், ஓட்டுநர் அருகே உள்ள டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கைநெம்பால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் மெல்லக் கொடுங்கள். வேகத்தைக் கூட்டி நிமிர்த்தப் பார்க்க வேண்டாம். ஆட்டம் அடங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, டயர்களின் காற்றையும் சாமான் இடம் மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.