பி0171: சென்சார் மாற்றியும் விளக்கு எரிகிறதா?

வண்டியில் பி0171 என்ற கோளாறுக் குறியீடு வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினீர்கள், செக் எஞ்சின் விளக்கு மறுபடி எரிகிறது என்கிறீர்கள். சென்சார் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது: கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

குறியீட்டை இப்போதே அழிக்காதீர்கள், கோளாறு பதிவான நொடியில் எஞ்சின் எப்படி ஓடியது என்ற ஃப்ரீஸ் ஃபிரேம் தகவலும் சேர்ந்து போய்விடும். ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம்மைப் பாருங்கள்: கலவையைச் சரிக்கட்ட எஞ்சின் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற சதவீதம் அது. ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) +20% போல இருந்து, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் பெரும்பாலும் வேக்கம் கசிவுதான், அதாவது எங்கோ இடுக்கு வழியாகக் கூடுதல் காற்று எஞ்சினுக்குள் நுழைகிறது. இன்டேக் கேஸ்கெட், பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்), விரிசல் விட்ட ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. குழாயின் அடிப்பக்கத்து விரிசல் மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

எஞ்சின் வேகம் கூடக் கூட டிரிம்மும் ஏறுகிறதா? அப்போது அழுக்கான மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) அல்லது பெட்ரோல் பிரஷர் குறைவு. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அதற்கென உள்ள கிளீனரை மட்டும் அடியுங்கள், விரல் படக்கூடாது. அப்புறம் ஐடில், 2500 இரண்டிலும் டிரிம் எவ்வளவு என்று எழுதுங்கள், பார்க்கலாம்.